பனிக்கட்டி நடுவே நெருப்பு மலை!

பனியும் நெருப்பும் ஓரிடத்தில் இருக்குமா?

இருக்கிறது! உலகின் தென்கோடியில், அண்டார்டிக்கா கண்டத்தை ஒட்டிய ஒரு தீவில், எரபஸ் என்ற மலை நிற்கிறது. உயரம் 3,794 மீட்டர். உடம்பெல்லாம் பனி. உச்சியிலோ கொதிக்கும் நெருப்புக் குழம்பு!

இதைக் கண்டுபிடித்தவர் ஜேம்ஸ் கிளார்க் ராஸ்.

சிறு வயதில் கடற்படை

ராஸ் 1800-ம் ஆண்டு லண்டனில் பிறந்தார். 12 வயது நிரம்பும் முன்பே கடற்படையில் சேர்ந்தார்.

காந்த முள்ளை இழுக்கும் இடம் எது? வட துருவப் பகுதிக்குப் போனபோது அதைத் தேடினார். 1831 ஜூன் 1-ந் தேதி அந்த இடத்தைக் கண்டுபிடித்தார். அங்கே காந்த முள் நேர் கீழே தலை குனிந்து நின்றது!

தெற்கிலும் அப்படி ஓர் இடம் உண்டு. அதையும் பார்த்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டார். 1839-ல் எரபஸ், டெரர் என்ற இரண்டு கப்பல்களுடன் புறப்பட்டார். டெரர் கப்பலின் கேப்டன் குரோசியர், அவருடைய நெருங்கிய நண்பர்.

புகை! தீ!

1841 ஜனவரியில், மிதக்கும் பனிக்கட்டிகளை முட்டி மோதிக்கொண்டு கப்பல்கள் முன்னேறின. ஆனால் மலைத்தொடர் ஒன்று வழியை மறித்தது. அவர் தேடிய இடம் அதற்கு அப்பால், நிலத்துக்குள்ளே இருந்தது. கப்பல் நிலத்தில் போகுமா?

கரையோரமாகவே தெற்கே போனார். மாதக் கடைசியில் ஒரு மலை தெரிந்தது. உச்சியில் பனிதான் பறக்கிறது என்று முதலில் நினைத்தார்கள். கிட்டே போனதும் புகையும் தீயும் தெரிந்தன! தம் கப்பலின் பெயரையே அதற்கு வைத்தார் ராஸ். பக்கத்து மலைக்கு டெரர் என்று பெயரிட்டார். அதற்கு அப்பால் பனிச்சுவர் குறுக்கே நின்றது. தேடிப்போன இடத்தைக் காணாமலே திரும்பினார்.

நண்பர் எங்கே?

1843-ல் நாடு திரும்பி மணம் புரிந்தார். இனி நீண்ட துருவப் பயணம் போவதில்லை என்று பெண் வீட்டாருக்கு வாக்குக் கொடுத்தார். அதனால் அடுத்த பயணத்துக்கு அழைப்பு வந்தும் மறுத்துவிட்டார்.

1845-ல் அதே இரண்டு கப்பல்களும் பிராங்க்ளின் தலைமையில் வட துருவப் பகுதிக்குப் போயின. குரோசியரும் போனார். கப்பல்கள் திரும்பவில்லை.

ராஸுக்கு மனம் கேட்கவில்லை. வீட்டில் இருக்க முடியாமல் 1848-ல் தேடிப் புறப்பட்டார். ஒரு குளிர்காலம் முழுவதும் பனியில் சிக்கிக் கிடந்தார். பலன் இல்லை. 1849-ல் வெறுங்கையோடு திரும்பினார். போன 129 பேரில் ஒருவர் கூட உயிரோடு வரவில்லை.

1862-ல் ராஸ் காலமானார்.

1908-ல்தான் மனிதன் எரபஸ் உச்சியில் கால் வைத்தான். எரபஸ் கப்பல் 2014-ல் கடலடியில் அகப்பட்டது. அந்தக் கப்பலின் பெயரைத் தாங்கிய மலை இன்னும் புகைந்துகொண்டிருக்கிறது!