கர்னல் பென்னிகுயிக்கும் பெரியாற்று மலைச்சுரங்கமும்

நீரின் அருமையை நாஞ்சில் நாட்டு வேளாண் மக்களுக்கு எடுத்துரைத்தல் மிகையாம். பேச்சிப்பாறையில் நீர் திறக்கும் நாளை எதிர்நோக்கி நாற்றங்கால் ஒருக்கும் நம்மனோர், மலையைத் துளைத்து மதுரை நாட்டிற்கு நீர் தந்த பெரியார் ஒருவரின் சரிதையை அறிந்திருத்தல் முறையேயாம். பெரியாற்று அணையைப் புகழாதார் இலர்; அவ்வணையைப் பயன்படச் செய்த சுரங்கத்தை நினைப்பாரோ சிலரே. அக்குறையை ஒருவாறு நீக்கக் கருதி இதனை வரையப் புகுந்தாம்.

ஜான் பென்னிகுயிக் 1841ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 15ஆம் நாள் புனா நகரிற் பிறந்தார். 1849இல் நிகழ்ந்த சிலியன்வாலாப் போரில் இவர்தம் தந்தையாரும் தமையனாரும் ஒரே நாளில் உயிர் துறந்தனர். அப்போது இவர் எட்டாண்டும் நிரம்பாத சிறுவர். பின்னர் இங்கிலாந்தில் அடிஸ்கோம்ப் படைக் கல்லூரியிற் பயின்று, 1858இல் சென்னைப் பொறியாளர் படையிற் சேர்ந்தார்.

சையமலையின் மேல்பால் பெய்யும் பெருமழை பெரியாறாய்ப் பெருகி மேல்கடலிற் சேர, கீழ்பால் உள்ள வைகைக் கரையோ மழையின்றி வாடிற்று. அந்நீரைக் கிழக்கே திருப்பக் கருதி, 1789இலேயே இராமநாதபுரத்துப் பிரதானி முத்திருளப்ப பிள்ளை ஆட்களை மலைக்கு அனுப்பி ஆராய்ந்தார். 1808இல் சென்று பார்த்த கேப்டன் கால்டுவெல் என்பார், இடைநின்ற மேட்டை நூறடிக்கு மேல் ஆழமாக வெட்டவேண்டும் எனக் கண்டு, இது கைகூடாக் கனவென்று விடுத்தார். மேட்டை மேலிருந்து பிளக்காது உள்ளே துளைத்தலே வழி என்பது பின்னர்த் துணியப்பட்டது. 1876ஆம் ஆண்டுப் பெரும் பஞ்சத்தின் பின் இத்திட்டத்தை வகுக்கும் பொறுப்பு 1882இல் பென்னிகுயிக்கை அடைந்தது. 1886 அக்டோபர் 29இல் திருவிதாங்கூர் அரசு 999 ஆண்டுக் குத்தகையாக நிலம் அளித்தது. நம் நாஞ்சில் நாடும் அந்நாள் அவ்வரசின்கீழ் இருந்தமை ஈண்டு நினைவுகூரத் தக்கது.

சுரங்கம் ஒரு மைலுக்குச் சற்று மேற்பட்ட நீளமும், 12 அடி அகலமும், ஏழரை அடி உயரமும் உடையதாய்க் கடும்பாறையிற் குடையப்பட்டது. மலையின் பாரமெல்லாம் மேலிருக்க, இத்துளை இடியாது நிற்பது எங்ஙனம் என்னும் ஐயம் எழலாம். சுசீந்திரம் கோயில் மண்டபத்தை நோக்குக. ஆங்குத் தூண்கள் நெருங்கி நிற்பதன் காரணம் யாது? கல்லானது நெருக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. நீண்ட உத்தரக்கல் பாரத்தால் வளைய, அதன் அடிப்புறம் இழுபட்டு முறியும். சுரங்கத்திலோ மேற்பாரம் துளையின் இருமருங்கும் பிரிந்து, வில்வளைவிற் போலப் பக்கப் பாறைகளில் இறங்குகின்றது. ஆதலின் பாறை திண்ணிதாயும் துளை குறுகியும் இருப்பின் மலையே தன்னைத் தாங்கிக்கொள்ளும். பாறையில் வெடிப்பு இருப்பினும், வெடிமருந்தால் கற்கள் நெகிழ்ந்து தொங்கினும் கேடு விளையும். அதுபற்றியே, வெடித்தபின் நெகிழ்ந்த கற்களைத் தட்டி வீழ்த்துதல் சுரங்கத் தொழிலில் இன்றியமையாததாயிற்று.

குறுகிய துளையில் மிக்க நீர் செல்லுமோ எனின், செல்லும். 75 அடிக்கு ஓரடி சாய்வு வைத்தமையால் நீர் விரைந்தோடும். விரைவு மிகுந்தால் சிறுவழியும் பெருநீரைக் கொள்ளும். ஆற்றடியினின்று 104 அடிக்கு மேல் நிற்கும் நீரே சுரங்கவழிப் புகும். அணையை 155 அடி உயர்த்தியதன் கருத்து இதனால் விளங்கும்.

1887இல் தொடங்கிய பணி எளிதில் முடிந்திலது. காட்டாற்று வெள்ளம் கட்டியதைக் கொண்டேகிற்று. மலைக்காய்ச்சலும் வாந்திபேதியும் தொழிலாளரை வாட்டின. நோயால் மாண்டோர் 483 பேர் என்பது பதிவு. அவ்வளவிலும் பென்னிகுயிக் உள்ளம் தளர்ந்திலர். சுண்ணமும் சுர்க்கியும் கல்லும் கொண்டு எழுந்த அணை முற்றுப்பெற, 1895 அக்டோபரில் சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு அதனைத் திறந்துவைத்தார். மேல்கடற்குச் சென்ற நீர் மலையூடு புகுந்து, சுருளியாற்றின் வழியாக வைகையிற் கலந்தது. பின்னாளில் அந்நீரே மின்சாரமும் விளைப்பதாயிற்று.

பின்னர்த் தாய்நாடு சென்று கூப்பர்ஸ் ஹில் பொறியியற் கல்லூரியின் தலைவராயிருந்த இவர், 1911 மார்ச் 9இல் இறைவனடி சேர்ந்தார். கம்பம் பள்ளத்தாக்கின் உழவர் இவர் பிறந்த நாளில் பொங்கலிட்டு வணங்குகின்றனர். தமிழக அரசு எழுப்பிய மணிமண்டபம் 2013இல் திறக்கப்பெற்றது.

நம் குலத்து இளைஞர் பலர் இக்காலம் பொறியியல் கற்கின்றனர். கண்ணுக்குத் தோன்றும் அணைக்குப் புகழ் எளிதில் வரும். கண்ணுக்கு மறைந்த சுரங்கமே அதனைப் பயனுடையதாக்கிற்று. மறைந்து கிடக்கும் வேலையையும் பழுதறச் செய்தலே தொழிலறம் என்பதை அவர் உளங்கொள்க. பென்னிகுயிக்கைப் போற்றும்போது, அணையருகே மண்ணில் உறங்கும், பெயரறியா அத்தொழிலாளரையும் உடன் வைத்துப் போற்றுதல் நம் கடனாம்.