ஆர்.கே. சண்முகம் செட்டியார்

சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர் காங்கிரஸ்காரர் அல்லர். 1892-ல் கோவையில் பிறந்த சண்முகம் செட்டியார் நீதிக்கட்சி வழியாக அரசியலுக்கு வந்தவர். 1933-ல் மத்திய சட்டசபையின் தலைவரானார். அதற்கு முந்தைய ஆண்டு, பிரிட்டிஷ் சரக்குகளுக்கு வரிச்சலுகை தந்த ஒட்டாவா ஒப்பந்தப் பேச்சில் இந்தியப் பிரதிநிதியாக இருந்தார். காங்கிரஸ் இதை மறக்கவில்லை. 1934 தேர்தலில் சபைத்தலைவரே தோற்றுப்போனார்.

பிறகு 1941 வரை கொச்சி திவான். கொச்சித் துறைமுக வளர்ச்சியில் அவருக்குப் பங்குண்டு. 1944-ல் பிரெட்டன்வுட்ஸ் மாநாட்டுக்கும் போய்வந்தார்.

இப்படிப்பட்டவரை நேரு 1947-ல் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டதுதான் ஆச்சரியம். அம்பேத்கரும் காங்கிரஸுக்கு வெளியிலிருந்து வந்தவர்தானே! நவம்பர் 26-ல் செட்டியார் தாக்கல் செய்த முதல் பட்ஜெட் ஏழரை மாதங்களுக்கானது: வரவு 171 கோடி, செலவு 197 கோடி. பிரிவினைக் காலம், பாதுகாப்புக்கு மட்டுமே சுமார் 93 கோடி.

பதவி ஓராண்டுதான் நிலைத்தது. வரி ஏய்ப்பு விசாரணைப் பட்டியலிலிருந்து சிலரின் பெயர்கள் நீக்கப்பட்ட விவகாரத்தில் 1948 ஆகஸ்டில் விலகினார். கையாண்டது அதிகாரிகளே என்றாலும் பொறுப்பு அமைச்சருடையது என்று ஏற்றுக்கொண்டதாகவே நான் இதைப் பார்க்கிறேன்.

1952-ல் சுயேச்சையாக நின்று சென்னை சட்டசபைக்குத் தேர்வானார், மறுவருடமே காலமானார். தமிழிசை இயக்கத்தில் முன்னணியில் நின்ற இவர், சிலப்பதிகாரப் புகார்க் காண்டத்துக்கு உரையும் எழுதியிருக்கிறார்.