பிறர் தயவில் பிரதமரானவர்

பார்லிமெண்டில் அவருடைய சர்க்காருக்கு 554 அங்கத்தினர்களின் ஆதரவு. ஆனால், பிரதம மந்திரியின் சொந்தக் குழுவினரோ 13 பேர்தான்! 1931-ல் இந்த விசித்திர நிலைக்கு ஆளானவர் ராம்சே மக்டொனால்டு. பிரிட்டனில் தொழிற் கட்சியைத் தொட்டிலிலிருந்து வளர்த்தவர்களில் ஒருவர் அவர்.

ஏழை வீட்டுப் பிள்ளை

ஸ்காட்லாந்தில் லாசிமவுத் என்ற கடற்கரை ஊரில் 1866-ல் பிறந்தார். தாய் ஒரு பணிப்பெண். தந்தை அவளை மணந்துகொள்ளவில்லை. பாட்டியின் பராமரிப்பில் வளர்ந்து, படித்த பள்ளியிலேயே மாணவ ஆசிரியராக இருந்து, பின்னர் பிழைப்பைத் தேடி லண்டனுக்குப் போனார்.

தொழிலாளர் பிரதிநிதித்துவக் கமிட்டி 1900-ல் தோன்றியது. அதன் காரியதரிசி மக்டொனால்டு. தனித்து நின்றால் கரையேற முடியாது என்று அவர் கண்டார். 1903-ல் லிபரல் கட்சியோடு ரகசியமாக ஓர் ஏற்பாடு செய்துகொண்டார். குறிப்பிட்ட சில தொகுதிகளில் ஒருவரை எதிர்த்து மற்றவர் நிற்பதில்லை என்பதே அது. 1906 தேர்தலில் 29 ஸ்தானங்கள் கிடைத்தன.

1914-ல் யுத்தத்தை எதிர்த்துத் தலைமைப் பதவியைத் துறந்தார். 1918-ல் தேர்தலில் தோற்றார். 1922-ல் மீண்டும் வென்று, மீண்டும் தலைவரானார்.

முதல் தொழிற் கட்சி மந்திரிசபை

1923 டிசம்பர் தேர்தலில் எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை இல்லை. கன்சர்வேடிவ்களுக்கு 258, தொழிற் கட்சிக்கு 191, லிபரல்களுக்கு ஏறக்குறைய 160. லிபரல்கள் தொழிற் கட்சியோடு சேர்ந்து ஓட்டளிக்கவே கன்சர்வேடிவ் மந்திரிசபை கவிழ்ந்தது. 1924 ஜனவரியில் மக்டொனால்டு பிரதமரானார்.

லிபரல்கள் மந்திரிசபையில் சேரவில்லை, வெளியிலிருந்தே ஆதரித்தனர். இரவல் பலத்தில் நடந்த அந்த ஆட்சியும் வீண்போகவில்லை. அது செய்த வீட்டு வசதிச் சட்டத்தால் பின்னாளில் 5 லட்சத்துக்கும் அதிகமான வீடுகள் எழுந்தன. சோவியத் ரஷ்யாவுக்கு அங்கீகாரம் கிடைத்தது. ஆனால் ஒரு கம்யூனிஸ்டுப் பத்திரிகாசிரியர் மீதான வழக்கைக் கைவிட்டது தகராறாயிற்று. விசாரணைக் கமிட்டி வேண்டும் என்றனர் லிபரல்கள். மக்டொனால்டு இணங்கவில்லை. ஒன்பதாம் மாதத்தில் ஆட்சி கவிழ்ந்தது.

பிளவு

1929-ல் தொழிற் கட்சி முதன்முறையாக மிகப் பெரிய கட்சியாயிற்று. அப்போதும் பெரும்பான்மை இல்லை. உலகப் பொருளாதார மந்தம் வந்தது. வேலையில்லாதோர் தொகை 25 லட்சத்தைத் தாண்டியது. 1931 ஆகஸ்டில் வேலையில்லாதோருக்குக் கொடுக்கும் உதவித் தொகையை நூற்றுக்குப் பத்து வீதம் குறைப்பதா என்ற கேள்வியில் மந்திரிகள் இரண்டாகப் பிளந்தனர்.

ராஜிநாமா செய்ய அரண்மனைக்குப் போன மக்டொனால்டு, மறுநாள் கன்சர்வேடிவ்களையும் லிபரல்களையும் சேர்த்த தேசிய சர்க்காரின் பிரதமராகத் திரும்பி வந்தார்! தேசத்தைக் காக்கவே இதைச் செய்ததாக அவர் நம்பினார். துரோகம் என்றது கட்சி, அவரை விலக்கியது. அடுத்த தேர்தலில் அவர் அணி மகத்தான வெற்றி பெற்றது. அவர் வளர்த்த கட்சிக்குக் கிடைத்தவை 52 ஸ்தானங்களே.

இந்தியாவும் அவரும்

லண்டன் வட்டமேஜை மகாநாட்டில் இந்தியப் பிரதிநிதிகளுக்குள் உடன்பாடு ஏற்படாததால், 1932 ஆகஸ்டில் வகுப்புத் தீர்ப்பை வெளியிட்டவர் இவரே. தாழ்த்தப்பட்டோருக்குத் தனித் தொகுதி அளித்ததை எதிர்த்து எரவாடா சிறையில் காந்தியடிகள் உண்ணாவிரதம் இருந்தார். டாக்டர் அம்பேத்கருடன் பூனா ஒப்பந்தம் ஏற்பட்டது. அதை மக்டொனால்டு சர்க்கார் ஏற்றுக்கொண்டது.

கன்சர்வேடிவ்களின் கையே ஓங்கியிருந்த சர்க்காரில் அவர் செல்வாக்கு தேய்ந்தது. 1935-ல் பதவியை விட்டார்; அவ்வருஷத் தேர்தலில் பழைய தோழர்களே அவரைத் தோற்கடித்தனர். 1937 நவம்பரில், உடல் தேறத் தென் அமெரிக்காவுக்குக் கப்பலில் போகும் வழியில், நடுக்கடலில் காலமானார்.

கட்சி கூட இருந்தவரை அவருக்குப் பெரும்பான்மை இல்லை. பெரும்பான்மை வந்தபோது கட்சி இல்லை. வெளியார் ஆதரவோடு ஆட்சி நடத்தலாம் என்று காட்டியவரும் அவரே. சொந்த ஆட்களை இழந்து பெறும் ஆதரவின் விலை என்ன என்று காட்டியவரும் அவரே.