சைதாப்பேட்டையிலிருந்து லால்பாக் போன கள்ளிகள்

பெரும்பாக்கம் அடுக்குமாடிகளுக்குக் குடிவருபவர்கள் பழைய வீட்டுச் செம்பருத்தியையும் கறிவேப்பிலைக் கன்றையும் வண்டியில் ஏற்றி வருவதைப் பார்த்திருப்பீர்கள். வடக்கே சைதாப்பேட்டையில் 200 ஆண்டுகளுக்கு முன் ஒரு தோட்டமே இப்படி இடம் மாறியது.

அதை உருவாக்கியவர் டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் (1738-1809). ஸ்காட்லாந்தில் பிறந்து, சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை மருத்துவராக இருந்தவர். வைத்தியம் போக மீதி நேரமெல்லாம் அவருக்குச் செடிதான். பட்டுப்புழுவுக்காக மல்பெரி வளர்த்தார். செஞ்சாயம் தரும் கொச்சினீல் பூச்சிக்குத் தீனியாகச் சப்பாத்திக்கள்ளி ரகங்களை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தார். அந்தச் சாயத் தொழில் அப்போது மெக்சிகோவை ஆண்ட ஸ்பெயின்காரர் கையில் இருந்தது, விலையோ அதிகம்.

தீனி தயார், பூச்சிதான் சரியாக வரவில்லை. 1795-ல் பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்குக் கப்பலில் வந்தது வேறு இனம், சாயம் மட்டம். 1800-ல் சைதாப்பேட்டைத் தோட்டம் மூடப்பட்டு, செடிகள் பெங்களூரு லால்பாக்குக்குப் போயின. ஆண்டர்சனுக்கு அப்போது வயது 62.

சாயத்துக்கு உதவாத அந்தப் பூச்சி கள்ளியைத் தின்று தீர்ப்பதில் கெட்டி. பின்னாளில் புதராக மண்டிய சப்பாத்திக்கள்ளியை அழிக்கவே அதைத் தென்னிந்தியாவில் விட்டார்கள்! நம் மாவுப்பூச்சிக்குத் தூரத்து உறவு அது. வெள்ளைப் பஞ்சுபோல ஒட்டியிருக்கும்.

நீங்களும் செடியை வண்டியில் ஏற்ற 2 வாரம் முன்பே இலையின் அடிப்பக்கம், கணு இடுக்கு எல்லாம் பாருங்கள். பஞ்சு தெரிந்தால் லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலுடன் கலந்து மாலையில் தெளியுங்கள். புது வீட்டிலும் சில நாள் மற்ற தொட்டிகளோடு சேர்க்காமல் தள்ளியே வையுங்கள். கள்ளியாக இருந்தால் தொட்டியே வேண்டாம். ஒரு மடலை வெட்டி, வெட்டுவாய் ஒரு வாரம் நிழலில் காய்ந்தபின் நட்டால் போதும்.