வானநூல் கற்பித்த மரியா மிச்செல் அம்மையார்

கல்லூரியொன்று தன் விழாவைக் கொண்டாடும்போது கட்டிடங்களையும் வெற்றிக் கிண்ணங்களையும் பரீட்சைப் பெறுபேறுகளையும் கணக்கிட்டு மகிழ்தல் வழக்கம். ஆயினும் பழைய மாணவராகிய நாம் ஒன்றுகூடும் வேளைகளில் எம் நாவில் முதலில் எழுவன ஆசிரியர் சிலரின் பெயர்களே. அவர்கள் கற்பித்த பாடங்களுட் பலவற்றை மறந்துவிட்டோம். ஒரு பொருளை எவ்வாறு நோக்க வேண்டும் என்று அவர்கள் காட்டிய நெறியை மறந்திலோம். ஆராய்ச்சியாற் பெரும்புகழ் எய்திய பின்னரும் தம் வாழ்நாளின் பிற்பகுதியை மாணவியர்க்கென்றே ஈந்த ஓர் அம்மையாரின் வரலாற்றை அவ்வெண்ணத்தோடு இம்மலரில் எழுதப் புகுந்தோம்.

ஐக்கிய அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாகாணக் கரைக்கு அப்பால் நன்ரக்கெற் என்னும் சிறு தீவு உளது. அங்கே 1818 ஆம் ஆண்டு ஆகஸ்ற் மாதம் 1 ஆந் திகதி மரியா மிச்செல் பிறந்தார். அக்காலத்தில் அத்தீவினர் திமிங்கில வேட்டையாற் பிழைத்தனர். நடுக்கடலில் நிலக்குறி எதுவும் இல்லை. விண்மீன்களும் கப்பலிலுள்ள காலமானியுமே வழிகாட்டிகள். காலமானி நான்கு விநாடி பிழைப்பின், பூமத்திய ரேகையருகே கப்பலின் இடம் ஒரு கடல்மைல் பிழைக்கும். ஆதலின் அத்தீவில் வானநூல் கற்றோர்க்கு மட்டும் உரிய கலையாயிராது, மாலுமியின் உயிரைக் காக்கும் தொழிற்கலையாயிற்று.

மரியாவின் தந்தையார் வில்லியம் மிச்செல் ஆசிரியர்; விண்மீன்களை அவதானித்துக் கப்பற் காலமானிகளைத் திருத்திக் கொடுப்பவர். பெண்மக்கட்கும் ஆண்மக்களைப் போன்றே கல்வி அளித்தல் வேண்டும் என்னும் கொள்கையினர். 1831 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்துச் சூரிய கிரகணத்தைத் தந்தையார் தொலைகாட்டியால் நோக்க, பன்னிரண்டு வயதுச் சிறுமியாகிய மரியா அருகிருந்து விநாடிகளை எண்ணினார். சில ஆண்டுகளுள் காலமானிகளைத் திருத்தும் பணியையும் தாமே செய்யும் ஆற்றல் பெற்றார்.

அந்நாளில் பெண்கள் சேர்ந்து கற்கத்தக்க சர்வகலாசாலைகள் அருமை. மரியா 1835 இற் சிறு பள்ளியொன்றை நடத்தினார். அடுத்த ஆண்டில் நன்ரக்கெற் நூல்நிலையத்தின் பொறுப்பை ஏற்று, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அப்பணியில் அமர்ந்திருந்தார். நூல்நிலையமே அவருக்குச் சர்வகலாசாலை ஆயிற்று. வாசகர் வராத நேரங்களில் லப்லாஸ், கௌஸ் முதலிய பேரறிஞரின் கடினமான கணித நூல்களைத் தாமே கற்றார். பகலில் நூல், இரவில் வானம். இவ்வாறே அவர் இளமை கழிந்தது.

1847 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் 1 ஆந் திகதி இரவு, வழக்கம்போற் கூரைமீதேறிச் சிறு தொலைகாட்டியால் வானை நோக்கினார். அதன் வில்லை மூன்று அங்குலமே இருக்கும். முன்னே வெறுமையாயிருந்த இடத்தில் மங்கலான ஓர் ஒளிப்பொட்டைக் கண்டார். ஒவ்வொரு பகுதியையும் முன்னரே மனத்திற் பதித்திருந்தமையால் அது புதியதென்பதை அவர் கண்கள் உடனே உணர்ந்தன. அஃது ஒரு வால்வெள்ளி. தொலைகாட்டியாற் புதிய வால்வெள்ளியை முதலிற் காண்போர்க்குத் தென்மார்க்கு மன்னர் பொற்பதக்கம் வழங்கும் வழக்கம் அப்போது இருந்தது. இரு நாட்களின் பின் உரோமாபுரியில் டி விக்கோ என்னும் வானநூலாரும் அதே வால்வெள்ளியைக் கண்டு அறிவித்தார். செய்தியை முதற் தபாலில் அறிவித்தல் வேண்டும் என்னும் விதி நிறைவேறாதிருந்தபோதிலும், ஹார்வர்ட் சர்வகலாசாலைத் தலைவர் எட்வேட் எவெரெற் எடுத்து வழக்காட, பதக்கம் மரியாவுக்கே உரியதாயிற்று.

அதன் பின்னர்ப் புகழ் தானே தேடி வந்தது. 1848 இல் அமெரிக்கக் கலை அறிவியற் கழகம் அவரைத் தன் முதற் பெண் உறுப்பினராய்த் தெரிந்தெடுத்தது. 1849 முதல் அமெரிக்கக் கடற் பஞ்சாங்கத்துக்கெனச் சுக்கிரனின் இடங்களைக் கணிக்கும் பணி அவருக்குக் கிடைத்தது. 1857 இல் ஐரோப்பா சென்று, கிறீனிச்சில் ஏயரி, பின்னர் யோன் ஹேர்ஷல், புளோரன்சில் மேரி சமர்வில் அம்மையார் ஆகியோரைக் கண்டார். உரோமாபுரியில் வானநிலையமொன்றைப் பார்க்க விரும்பியபோது, பெண்கள் அங்கே புகலாகாது என்றனர். பெருமுயற்சியின் பின் தனி அனுமதி கிடைத்தது. ஆயினும் இரவு முழுதும் தங்கி நோக்குதற்கு இசைவு கிடைத்திலது. வானநிலையத்தின் சிறப்பு இரவிலன்றோ உளது! கதவு திறந்தும் வானம் மூடியே இருந்தது. பிற்காலத்தில் அவர் மாணவியர்க்குச் செய்தவற்றை அறியும்போது இந்நிகழ்ச்சியை நினைவிற் கொள்ளுதல் தகும்.

மத்தேயு வாசார் என்னும் செல்வர் நியூயோர்க் மாகாணத்துப் பொக்கீப்சி நகரில் நிறுவிய பெண்கள் கல்லூரி 1865 இல் மாணவியரை ஏற்கத் தொடங்கியது. மரியா அம்மையார் அதன் முதலாம் வானநூற் பேராசிரியையாய் அமர்ந்தார். சர்வகலாசாலைப் பட்டம் எதனையும் படித்துப் பெறாத ஒருவர் பேராசிரியப் பதவி ஏற்றமை வியப்பன்றோ! பன்னிரண்டு அங்குல வில்லையுடைய தொலைகாட்டியோடு ஒரு வானநிலையம் அங்கே அமைந்திருந்தது. அவ்வானநிலையமே அவர் வீடு. முதுமையடைந்த தந்தையாரும் 1869 இல் இறக்கும் வரை அங்கேயே உடன் வாழ்ந்தார்.

அவர் கற்பித்த முறையே நாம் முதன்மையாய்க் கூற வந்தது. அக்காலத்துக் கல்லூரிகளில் ஆசிரியர் உரைப்பதை மாணவர் எழுதிப் பாடஞ் செய்து, பரீட்சையில் மீட்டு ஒப்புவித்தலே கல்வி எனப்பட்டது. அம்மையார் இதனை விரும்பிலர். வானநூலைக் கணிதமின்றிக் கற்க முடியாது என்பதில் அவர் உறுதியாயிருந்தார். கணிதத்தோடு கண்ணும் பழகவேண்டும் என்பதில் அதனினும் உறுதியாயிருந்தார். மாணவியர் தாமே தொலைகாட்டியைத் திருப்பி, தாமே அளந்து, தாமே கணித்து, தம் கணிப்பு வானத்தோடு பொருந்துகின்றதா என்று தாமே சோதித்தனர். சூரியப் புள்ளிகளை நாடோறும் நோக்கிப் பதிந்தனர். பின்னர் அவற்றை நிழற்படமும் எடுத்தனர். வியாழன், சனி ஆகியவற்றின் துணைக்கோள்களைத் தொடர்ந்து நோக்கினர். இரவிற் குறித்த நேரத்தின் பின் மாணவியர் வெளியே உலாவுதல் தகாதென்று எண்ணிய அந்நாளில், நள்ளிரவிலும் அவர்களை வானநிலையத்துக்கு அழைத்தார். உரோமாபுரியில் தமக்கு மறுக்கப்பட்ட இரவைத் தம் மாணவியர்க்கு முழுமையாய் வழங்கினார்.

புள்ளியிடும் முறையையும் அவர் ஏற்றிலர். ஒருவரின் அறிவை எண்ணால் அளத்தல் இயலாதென்பது அவர் துணிபு. விநாடியின் சிறு பகுதியையும் விடாது அளந்த ஒருவர் மாணவரை மட்டும் அளக்க மறுத்தமை முரண்போலத் தோன்றும். எதனை அளக்கலாம், எதனை அளக்கலாகாது என்று நன்கறிந்தவர் அவரே என்பது எம் கருத்து.

இதற்கு அவர் கொடுத்த விலையையும் மறைத்தலாகாது. கற்பித்தல் ஆராய்ச்சிக்குரிய நேரத்தை விழுங்கியது. தெளிந்த இரவுகளில், தாம் தனியே தொலைகாட்டியின்முன் அமர்வதா, மாணவியரை அமர்த்துவதா என்னும் வினா மீண்டும் மீண்டும் எழுந்தது. 1868 ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், ஊதியம் கருதாது பெண்களின் அறிவு வளர்ச்சிக்கே தம் முயற்சியை அளிப்பதென்று தம் நாட்குறிப்பில் உறுதி பூண்டார். அவ்வாண்டிலேயே பத்தொன்பது ஆண்டுகள் செய்துவந்த பஞ்சாங்கக் கணிப்புப் பணியையும் விட்டார். வால்வெள்ளி கண்ட அவரிடம் உலகம் எதிர்பார்த்த பெருங் கண்டுபிடிப்புகள் பின்னர் வரவில்லை. அது தோல்வியா? அதற்கு விடையைச் சிறிது பொறுத்துக் காண்போம்.

ஊதியம் கருதாதவராயினும் நீதி கருதாதவர் அல்லர். தம்மினும் இளைய, அனுபவங் குறைந்த ஆண் பேராசிரியர்க்குத் தமக்கினும் கூடிய வேதனம் கொடுக்கப்படுவதை அறிந்தபோது, அதனை எதிர்த்து முறையிட்டு உயர்வு பெற்றார். தமக்கென மட்டும் கேட்டாரல்லர். பின்வரும் ஆசிரியைகட்கும் அதுவே வழியாகும் என்பதை உணர்ந்தே கேட்டார்.

1869 இல் அயோவா மாகாணத்துப் பேளிங்ரன் நகருக்கும், 1878 இல் கொலராடோவிலுள்ள டென்வர் நகருக்கும் மாணவியருடன் சென்று முழுச் சூரிய கிரகணங்களை நோக்கினார். டென்வர்ப் பயணத்தில் இரு புகையிரதக் கம்பனிகளுக்கிடையே நிலவிய பிணக்கினால் தொலைகாட்டிகள் வழியிற் சிக்கிக்கொண்டன. கிரகணமோ எவருக்காகவும் காத்திராது. கருவிகள் தக்க வேளையில் வந்து சேர, நகருக்கு வெளியே மேடொன்றிற் கூடாரமிட்டு, ஒருவர் நேரம் எண்ணவும், ஒருவர் வரையவும், ஏனையோர் நோக்கவும் பணியைப் பங்கிட்டனர். மூன்று நிமிடத்துக்கும் குறைந்த அவ்விருளில் ஒருவரும் தம் கடமை தவறிலர். பன்னிரண்டு வயதில் தந்தையார் அருகே விநாடி எண்ணிய சிறுமி, அறுபதை நெருங்கிய வயதில் தம் மாணவியரை எண்ணுவித்தார்.

ஆண்டிறுதியில் வானநிலையக் கூண்டின்கீழ் அவர் நடத்திய விருந்து மாணவியர் நெஞ்சில் நிலைத்தது. ஒவ்வொருவரையும் பற்றி நகைச்சுவை ததும்பும் சிறு பாடல் எழுதி வைத்திருப்பார். கண்டிப்பும் கனிவும் அவரிடம் ஒருங்கே இருந்தன.

உடல் நலங் குன்றவே 1888 இல் ஓய்வு பெற்று, 1889 ஆம் ஆண்டு யூன் மாதம் 28 ஆந் திகதி லின் நகரிற் காலமானார். பிறந்த தீவிலேயே அவர் உடல் அடக்கஞ் செய்யப்பட்டது. சந்திரனிலுள்ள குழியொன்று இன்று அவர் பெயரைத் தாங்குகின்றது.

முன்னர் நிறுத்திய வினாவுக்கு இனி விடை காண்போம். அவரிடம் கற்ற மேரி விற்னி, அவருக்குப்பின் அதே பேராசிரியப் பதவியை ஏற்றார். எலன் சுவாலோ மசச்சூசெற்ஸ் தொழினுட்பக் கல்லூரியிற் சேர்ந்த முதற் பெண்ணாகிக் குடிநீரின் தூய்மையை ஆராய்ந்தார். கிறிஸ்ரீன் லாட் தருக்க நூலிலும் நிறக்காட்சி ஆராய்ச்சியிலும் பெயர் பெற்றார். அந்தோனியா மோரி ஹார்வர்ட் வானநிலையத்தில் விண்மீன்களின் நிறமாலைகளை வகைப்படுத்தினார். அவர் கண்ட நுண்ணிய வேறுபாடுகள் பேருருவ விண்மீன்களைச் சிறு விண்மீன்களினின்றும் பிரித்தறிய வழிகாட்டின. இவருட் பலர் வானநூலாரும் ஆகிலர். ஆயினும் தாமே நோக்கித் தாமே கணித்துத் தாமே தேறும் பழக்கத்தை அக்கூண்டின்கீழேயே பெற்றனர்.

வால்வெள்ளி ஒருமுறை தோன்றி அகல்வது. ஆசிரியர் ஏற்றிய விளக்கோ ஒன்றினின்று ஒன்றாய்த் தொடர்ந்து எரிவது. எம் கல்லூரி மாணவர் இன்றிரவு முற்றத்திற் சென்று வானை நோக்குவாராக. நேற்றுக் கண்டதற்கும் இன்று காண்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் குறித்து வைப்பாராக. அம்மையார் தம் மாணவியர்க்கு இட்ட முதற் பாடம் அதுவே.