ஹோ சி மின்: இரு விடுதலைகளை வேண்டியவர்

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி, திண்டிவனம் வழியாகக் கிழக்கே செல்லும் சாலை புதுச்சேரியில் கடலைக் காண்கிறது. அந்நகரில் 1954ஆம் ஆண்டு வரை பிரெஞ்சுக் கொடி பறந்தது. அதே கொடியின்கீழ் வியட்நாமும் அடிமைப்பட்டிருந்தது. புதுச்சேரித் தமிழர் பலர் பிரெஞ்சு அரசின் ஊழியர்களாகச் சைகோன் நகருக்குச் சென்றனர். நகரத்தார் அங்குக் கொடுக்கல் வாங்கல் தொழில் நடத்தினர். ஆதலின், வியட்நாமின் விடுதலைக்கு உழைத்த ஹோ சி மின்னின் வரலாறு தமிழர்க்கு முற்றிலும் அயலானதன்று.

ஹோ சி மின் 1890ஆம் ஆண்டு மே 19ஆம் நாள் நிகே ஆன் மாநிலத்தில் பிறந்தார். இயற்பெயர் நுயென் சின் குங். தந்தையார் கன்பூசிய நூல்களைக் கற்றறிந்த புலவர். 1911இல் பிரெஞ்சுக் கப்பலொன்றில் சமையல் உதவியாளராகச் சேர்ந்து, இருபத்தொரு வயது இளைஞராகத் தாய்நாட்டை விட்டுப் புறப்பட்டார். மீண்டும் அம்மண்ணை மிதிக்க முப்பது ஆண்டுகள் ஆயின.

முதல் உலகப்போர் முடிந்தபின், 1919இல் வெர்சேல்சு அமைதி மாநாட்டிற்குத் தம் மக்களின் உரிமைகளை வேண்டி விண்ணப்பம் அளித்தார். வல்லரசுகள் அதனைப் பொருட்படுத்தவில்லை. அடுத்த ஆண்டு, குடியேற்ற நாடுகளைப் பற்றி லெனின் எழுதிய கட்டுரையைப் படித்தார். நாட்டின் விடுதலையும் உழைப்பாளரின் விடுதலையும் ஒரே பாதையில் செல்லக்கூடியவை என்னும் தெளிவு அவருக்குப் பிறந்தது. அவ்வாண்டே பிரெஞ்சுப் பொதுவுடைமைக் கட்சியைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரானார். 1930இல் ஆங்காங்கில் வியட்நாமியக் கட்சியை உருவாக்கினார்.

1941இல் தாயகம் திரும்பி வியட்மின் இயக்கத்தை அமைத்தார். 1942இல் சீனாவில் சிறைப்பட்டபோது கவிதைகள் இயற்றினார். 1945 செப்டம்பர் 2ஆம் நாள் ஹனோய் நகரின் பா தின் திடலில் நாட்டின் விடுதலையை அறிவித்தார். மீண்டும் ஆளவந்த பிரெஞ்சுப் படை 1954 மே மாதம் தியென் பியென் பூவில் தோற்றது. அவ்வாண்டு அக்டோபரில் நேரு ஹனோய் சென்று அவரைச் சந்தித்தார். நவம்பர் முதல் நாள் புதுச்சேரியின் ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. 1958இல் ஹோ சி மின் இந்தியாவிற்கு வருகை தந்தார்.

இந்திய இடதுசாரிகள் அவரைத் தம்மவராகவே கருதினர். 1964இல் பொதுவுடைமைக் கட்சி இரண்டாகப் பிரிந்தது. எனினும், அவரைப் போற்றுவதில் இரு தரப்பும் வேறுபடவில்லை. அமெரிக்கத் துணைத்தூதரகம் அமைந்திருந்த கொல்கத்தாவின் ஹாரிங்டன் தெரு அவர் பெயரைப் பெற்றது. உழவர் மிகுந்த ஓர் ஏழை நாடு வல்லரசுகளை எதிர்த்து நிற்கவியலும் என்பதற்கு அவரை அவர்கள் சான்றாகக் கொண்டனர். அவருடைய எளிய உடையும் வாழ்க்கையும் அம்மதிப்பை மேலும் உயர்த்தின.

ஆயினும், போற்றுவோரும் கடந்து செல்லலாகாத பக்கம் ஒன்றுண்டு. 1953 முதல் 1956 வரை வட வியட்நாமில் நடந்த நிலச்சீர்திருத்தத்தில் குற்றமற்றோர் பலர் தண்டிக்கப்பட்டனர், ஆயிரக்கணக்கானோர் உயிரிழந்தனர். 1956இல் அரசு தன் பிழையை ஒப்புக்கொண்டு திருத்த முற்பட்டது. இறந்தோர் மீளவில்லை. மாற்றுக்கட்சிகளுக்கு இடமளிக்காத ஆட்சிமுறையும் குறைகூறப்படுகிறது. நாட்டின் விடுதலைக்கும் தனிமனிதரின் உரிமைக்கும் உள்ள உறவு யாது என்னும் வினாவை அவர் வாழ்க்கை இன்றும் எழுப்புகிறது.

1969 செப்டம்பர் 2ஆம் நாள் அவர் மறைந்தார். அப்போது நாடு இரண்டாகப் பிரிந்திருந்தது, போரும் ஓயவில்லை. தம் உடலை எரியூட்டிச் சாம்பலை நாட்டின் வடக்கு, நடு, தெற்குப் பகுதிகளில் புதைக்குமாறு அவர் எழுதி வைத்திருந்தார். உலகப் பொதுவுடைமை இயக்கம் பிளவுபட்டதற்கும் அதில் வருந்தியிருந்தார். அவரைப் பின்பற்றியோரோ அவ்வுடலைப் பதப்படுத்திப் பா தின் திடலில் மண்டபம் எழுப்பினர். 1976இல் சைகோன் அவர் பெயரைப் பெற்றது. தலைவர்மேல் கொண்ட பேரன்பு, அத்தலைவரின் இறுதி விருப்பத்தையே மீறியது. ஒரு தலைவரை வணங்குவதைவிட, நிறைகுறைகளோடு அறிந்துகொள்வதே அவருக்குச் செய்யும் மரியாதை என்பதை இவ்வரலாறு நமக்கு உணர்த்துகிறது.