முத்துஸ்வாமி தீக்ஷிதரும் அவர் வாழ்ந்த ஊர்களும்

ஸங்கீத மும்மூர்த்திகளுள் ஊர்விட்டு ஊர் சென்று, நெடுங்காலம் பிற இடங்களில் வாழ்ந்தவர் ஸ்ரீ முத்துஸ்வாமி தீக்ஷிதர். அவர் தங்கிய ஊர்களின் வரிசையைக் கொண்டே அவருடைய இசையின் பருவங்களையும் வகுத்துவிடலாம். தென்னாடு விட்டு வந்து வாழும் நமக்கு அவர் சரித்திரத்தில் தனிச்சுவை ஒன்று உண்டு.

அவர் 1775-ஆம் ஆண்டில் திருவாரூரில் பிறந்தார். தந்தையார் ராமஸ்வாமி தீக்ஷிதர், ஹம்ஸத்வனி இராகத்தைக் கண்டவர். நெடுநாள் மகப்பேறின்றி வைத்தீசுவரன் கோயிலில் நோன்பிருந்து பெற்ற புதல்வராதலின், அத்தலத்து முத்துக்குமாரஸ்வாமியின் திருநாமத்தையே சூட்டினர்.

பின்னர் சென்னைக்கருகே மணலியில் முதலியார் குடும்பத்தின் ஆதரவில் தீக்ஷிதர் குடும்பம் குடியேறிற்று. கும்பினியாரின் துபாஷாக இருந்த மணலி முதலியார் மூலம் இளைஞர்களுக்குக் கோட்டையில் வெள்ளையரின் பாண்டு வாத்தியம் கேட்கும் வாய்ப்பு ஏற்பட்டது. இளையவர் பாலுஸ்வாமி பிடில் பயின்றார். அவ்வாத்தியத்தை நம் இசைக்குக் கொணர்ந்தவர்களில் அவர் முன்னோடி. மூத்தவரோ அந்த மெட்டுகளுக்கு ஸம்ஸ்கிருதத்தில் ஸாஹித்யம் அமைத்தார். இங்கிலாந்தின் அரச வாழ்த்து மெட்டும் அவற்றுள் ஒன்று! அவையே நம் குழந்தைகள் பயிலும் நோட்டுஸ்வரங்கள்.

மணலிக்கு வந்த சிதம்பரநாத யோகி என்பவர் முத்துஸ்வாமியைக் காசிக்கு அழைத்துச் சென்றார். அங்கே சில ஆண்டுகள். வேதாந்தமும் ஸ்ரீவித்யையும் குருவிடம் கற்றார். வடநாட்டு இசையைக் காதாரக் கேட்டார். அவருடைய வீணை கங்கையில் கிடைத்ததென்பது பரம்பரை வழக்கு. அதை நம்புவோர் நம்பலாம். காசி அவருக்களித்த மெய்யான செல்வம் துருபதத்தின் நிதானமே என்பது என் எண்ணம். தீக்ஷிதர் கிருதிகளின் விளம்ப நடையிலே அது நிலைத்திருக்கிறது. வடக்கின் இராகங்களையும் அவர் விடவில்லை. யமன் யமுனாகல்யாணியாகித் திருவானைக்கா ஜம்புகேசுவரரைத் துதித்தது; பிருந்தாவன ஸாரங்கம் அரங்கனைப் பாடிற்று. கேட்ட இடம் வடக்கு. பாடிய தெய்வமோ காவிரிக்கரையது.

குரு காசியில் ஸமாதியடைந்தபின் தெற்கே திரும்பிய தீக்ஷிதர் திருத்தணிகை சென்றார். கிருதிகள் இயற்றத் தொடங்கியது அங்கேதான் என்பர். மாயாமாளவகௌளையில் முதற்கிருதி பிறந்தது. குருகுஹ என்ற முத்திரையும் அத்தலத்து முருகனாலேயே வாய்த்தது. அந்நிய இசை இரண்டைக் கேட்டு முடித்த பிறகே தம் குரலைக் கண்டார் என்பது கவனிக்கத்தக்கது. காஞ்சியில் சிலகாலம் தங்கிப் பின் திருவாரூரை அடைந்தார்.

அவருடைய பொற்காலம் திருவாரூர்க் காலமே. கமலாம்பிகையின் ஒன்பது ஆவரணங்களுக்கு ஒன்பது கிருதிகள், தியானமும் மங்களமும் சேர்ந்து 11. முதல் எட்டும் எட்டு வேற்றுமைகளில் முறையே அமைய, ஆஹிரியில் ஒன்பதாவது எல்லா வேற்றுமைகளையும் தாங்குகிறது. வாரத்தின் ஏழு கிரகங்களுக்கோ ஸூளாதி தாளங்கள் ஏழும் ஒவ்வொன்றாக வருகின்றன. இத்தனை கணக்கும் பாடும்போது காதில் உறுத்துவதில்லை, அதுதான் வியப்பு. தந்தை கண்ட ஹம்ஸத்வனியில் மகன் செய்த வாதாபி கணபதி கிருதியோ கச்சேரிதோறும் ஒலிக்கிறது. தஞ்சை நால்வரான பொன்னையா, சின்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகியோர் அவருக்குச் சீடர்களாயினர்.

இறுதிக்காலம் எட்டயபுரத்தில் கழிந்தது. தம்பி பாலுஸ்வாமி அங்கே ஸமஸ்தான வித்துவான். 1835-ஆம் ஆண்டு தீபாவளியன்று தீக்ஷிதர் அங்கு ஸித்தியடைந்தார். அவ்வூரிலேயே அவர் ஸமாதி உளது.

சீடர்களின் நாவிலும் வீணையிலும் மட்டுமே அக்கிருதிகள் வாழ்ந்திருந்தால் எத்தனை மறைந்திருக்குமோ! பாலுஸ்வாமியின் பேரரும் ஸ்வீகார புத்திரருமான சுப்பராம தீக்ஷிதர், கமகக் குறிகளுடன் 200-க்கு மேற்பட்ட தீக்ஷிதர் கிருதிகளை ஸங்கீத ஸம்பிரதாய பிரதர்சினியில் சேர்த்து, 1904-ஆம் ஆண்டு எட்டயபுரத்திலேயே அச்சிட்டு வெளியிட்டார்.